மாட்டைப் பாம்பு தீண்டினால்

மேய்ச்சலுக்குப் போன மாடு முகம் வீங்கித் திரும்பினாலும் சரி, கட்டுத்தறியில் நின்ற மாடு விடிந்து பார்க்கையில் செத்துக் கிடந்தாலும் சரி, கிராமத்தில் முதலில் எழும் பேச்சு ஒன்றுதான்: "ஏதோ பூச்சி தொட்டிருக்கும்." பல நேரம் அது உண்மை, பல நேரம் உண்மையில்லை. எது என்று பிரித்தறிவதில்தான் மாட்டின் உயிர் இருக்கிறது. சில வேளை அந்த வீட்டாரின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கால்நடைகளைக் கொல்லும் பாம்புகள் பெரும்பாலும் நான்குதான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். எலியைத் தேடி வைக்கோல் போருக்கும் தீவனப்புல் காட்டுக்கும் வருபவை நல்ல பாம்பும் கண்ணாடிவிரியனும். சுருட்டைவிரியன் வறண்ட நிலத்துக்காரன். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. மாடு புல்லை மூக்கால் துழாவி மேய்வதால் கடி முகவாயிலும் உதட்டிலும் விழுகிறது. மிதித்துவிட்டால் காலில் விழும். படுத்திருக்கும் கறவை மாட்டுக்கு மடியிலும் விழுவதுண்டு. ஆட்டுக்குட்டியோ கன்றோ கடிபட்டால் நிலைமை இன்னும் மோசம். பாம்பு இறக்கும் விஷம் அதேதான், தாங்க வேண்டிய உடல்தான் சிறியது.

இரண்டு பல் தடத்தைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். அடர்ந்த மயிரிலும் கறுத்த தோலிலும் அது பெரும்பாலும் தெரியாது. பாம்பைத் தேடி அடிப்பதும் வேண்டாத வேலை. மாட்டைப் பாருங்கள், அதன் உடம்பே சொல்லிவிடும்.

கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ கடித்தால் கடிபட்ட இடம் வேகமாக வீங்கும். முகத்தில் கடித்திருந்தால் சிறிது நேரத்துக்குள் கண் மூடி, மூக்குத் துளை சுருங்கி, மாடு மூச்சுக்குத் திணற ஆரம்பித்துவிடும். தொட்டால் வலி தாங்காமல் விலகும். இந்த விஷம் ரத்தம் உறைவதற்கான பொருள்களைத் தின்று தீர்த்துவிடுகிறது. அதனால் கடிவாயில் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். மூக்கில் ரத்தம் வரலாம், ஊசி போட்ட இடத்தில்கூட நிற்காது. சிறுநீர் சிவந்து போகும். இதைக் கண்டறியக் கால்நடை மருத்துவர்கள் செய்யும் ஒரு சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். ரத்தம் தண்ணீராகவே ஓடினால் விரியன் விஷம் என்ற சந்தேகம் வலுக்கும். குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, அதில் சோப்பு ஒட்டியிருந்தாலோ முடிவு தப்பாகிவிடும்.

நல்ல பாம்பின் விஷம் நரம்பைத் தாக்குவது. கடித்த இடத்தில் வீக்கமும் வரலாம், ஆனால் உயிரைப் பறிப்பது வீக்கமல்ல. இமை தொங்கும், வாயில் நுரையும் எச்சிலும் வழியும், கால் பின்னும், மாடு சாய்ந்துவிடும். கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். கட்டுவிரியன் கடித்தாலும் பாதை இதுதான், வீக்கம் மட்டும் அநேகமாக இருக்காது. இரவில் கடிபட்ட மாடு காலையில் ஒரு தடயமும் இல்லாமல் செத்துக் கிடப்பது இதனால்தான்.

மடியில் கடித்த வீக்கத்தை மடிநோய் என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டு ஒரு நாளை வீணாக்குவது உண்டு. கன்று ஈன்ற மறுநாள் தள்ளாடி விழும் மாட்டுக்குப் பாம்பு கடித்திருக்க வேண்டியதில்லை. அது கால்சியம் குறைவால் வரும் பால் காய்ச்சலாக இருக்கலாம், நேரத்தோடு ஊசி போட்டால் எழுந்து நின்றுவிடும். தொடையில் வீங்கி, அழுத்தினால் நறநறவென்று கேட்டால் சப்பை நோயை நினைக்க வேண்டும். கடுமையான காய்ச்சலோடு தொண்டை வீங்கினால் தொண்டை அடைப்பான்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது அடைப்பானை, அதாவது ஆந்த்ராக்ஸை. நேற்று நன்றாக இருந்த மாடு திடீரென்று சாகும், மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வரும். விரியன் கடியிலும் ரத்தம் உறையாது என்பதால், "பாம்பு கடிதானே" என்று தோலை உரித்துக் கறியைப் பங்கு போட்டுவிடுகிறார்கள். ஆந்த்ராக்ஸ் மனிதருக்குத் தொற்றும், கொல்லவும் செய்யும். அதனால் காரணம் தெரியாமல் செத்த மாட்டை அறுக்காதீர்கள். மருத்துவர் வந்து காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கும்வரை நாயோ காக்கையோ அதை அண்ட விடாதீர்கள். காப்பீடு செய்த மாடாக இருந்தால் காதுவில்லையைக் கழற்றாமல் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும் மாட்டுக்கு வருவோம். கடிபட்டது என்ற சந்தேகம் வந்ததுமே மூக்கணாங்கயிற்றையும் முகக்கயிற்றையும் அறுத்து எடுத்துவிடுங்கள். கழுத்துக் கயிற்றைத் தளர்த்துங்கள். முகம் வீங்க வீங்கக் கயிறு சதைக்குள் புதைந்து, பிறகு அறுக்கக் கத்தியை நுழைக்கவும் இடமிருக்காது. மாட்டை நிழலில் நிறுத்தி, நடக்கவிடாமல் அமைதியாக வைத்திருங்கள். ஓட்டம் விஷத்தை உடல் முழுதும் பரப்பும். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நடத்திப் போகாமல் வண்டியில் ஏற்றுங்கள். விழுந்துவிட்ட மாட்டை ஒருக்களித்துக் கிடக்க விடாமல், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோல் மூட்டையை அண்டக் கொடுங்கள். இல்லாவிட்டால் வயிறு உப்பி மூச்சை அடைக்கும்.

காலை இறுக்கிக் கட்டுவது, கடிவாயைக் கீறுவது, சூடு போடுவது எல்லாம் கேடுதான். ரத்தம் உறையாத மாட்டைக் கீறினால் அந்தக் கீறலே அதன் உயிரைக் குடிக்கும். சிறியாநங்கையும் மிளகும் அரைத்துப் புகட்டும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அந்த நம்பிக்கையோடு இங்கே சண்டைக்கு வரவில்லை. ஆனால் தொண்டைத் தசை செயலிழந்த மாட்டின் தலையை நிமிர்த்தி மூங்கில் குழாயால் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போய்விடும். விஷத்துக்குத் தப்பிய மாடு அதில் செத்துப்போகும். வாய் வழியே எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட மருத்துவர் சொன்ன பிறகுதான்.

உடலில் ஓடும் விஷத்தை முறிக்கவென்றே இருக்கும் மருந்து ஒன்றுதான்: பாம்பு விஷமுறிவு மருந்து. மனிதருக்குப் போடும் அதே குப்பியைத்தான் மாட்டுக்கும் போடுகிறார்கள். 1978இல் தொடங்கிய, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியிலுள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் மேற்சொன்ன நான்கு பாம்புகளின் விஷத்தையும் எடுத்து மருந்து நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். அதைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத் தூளாக்குகிறார்கள். கரைத்த மருந்தின் ஒரு மில்லி, நல்ல பாம்பு அல்லது கண்ணாடிவிரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமையும், மற்ற இரண்டின் விஷத்தில் 0.45 மில்லிகிராமையும் முறிக்கும். மலைப்பகுதியின் குழிவிரியன்களுக்கு இது ஏற்ற மருந்தல்ல.

ஆகவே மருந்தின் அளவு மாட்டின் எடையைப் பொறுத்ததல்ல, உள்ளே போன விஷத்தைப் பொறுத்தது. "சின்னக் கன்றுதானே, பாதி போதும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரு குப்பியே சில நூறு ரூபாய் ஆகும், பல குப்பிகள் தேவைப்படலாம். அந்நியப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம். அதனால் மருத்துவர் இதைச் சலைனில் கலந்து, பக்கத்தில் நின்று, மெதுவாக ரத்தநாளத்தில் ஏற்றுவார். நரம்பைத் தாக்கும் விஷமானால் நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் சேர்த்துக் கொடுப்பதுண்டு. தாமதமானால் மருந்து பயனற்றது என்றில்லை. ஆனால் கெட்டுப்போன சதையையும் சிறுநீரகத்தையும் அது மீட்டுத் தராது.

பிழைத்த மாட்டுக்கும் கவனிப்பு வேண்டும். கடித்த இடத்துத் தோல் கறுத்து உரிந்து, புண் ஆற வாரக்கணக்கில் ஆகும், ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது.

வைக்கோல் போரையும் விறகு அடுக்கையும் கொட்டகையிலிருந்து தள்ளிப் போடுங்கள். சிந்திய தவிட்டைக் கூட்டிவிடுங்கள். எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1962, கட்டணமில்லை. ஆனால் விஷமுறிவு மருந்து எல்லாக் கால்நடை மருந்தகத்திலும் எப்போதும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன, எல்லோருக்கும் அவை பக்கத்தில் இல்லை. எனவே உங்கள் மருந்தகத்தில் மருந்து இருப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே கிடைக்கும் என்று இந்த வாரமே கேட்டு வையுங்கள். இல்லையென்று சொன்னால், வாங்கி வைக்கச் சொல்லிக் கிராமசபையில் தீர்மானம் போடுங்கள்.