வக்கீலுக்குப் படிக்கலாமா?

"வக்கீல்" என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டே விஷயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று வரப்புத் தகராறு. மற்றொன்று அடிதடி வழக்கு. வக்கீல் வீட்டுப் படி ஏறாத குடும்பமே பாக்கியம் செய்த குடும்பம் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆகையால், "என் மகளை வக்கீலுக்குப் படிக்க வைக்கப் போகிறேன்" என்று கண்ணமங்கலத்தில் ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் சற்றுத் திகைத்துத்தான் போவார்கள்.

ஜவ்வாது மலையைப் பார்த்துக் கொண்டே இருபது வருஷமாய் உபாத்தியாயர் வேலை பார்த்து வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள், "அடுத்தாற்போல் என்ன படிக்கலாம், ஸார்?" என்று கேட்பார்கள். டாக்டர், இன்ஜினீயர், வாத்தியார் என்ற மூன்று பதில்களை மாற்றி மாற்றிச் சொல்லிக் காலத்தை ஓட்டி விட்டேன். வர்த்தகச் சட்டம் என்று ஒரு துறை இருப்பதை ஒரு பிள்ளைக்கும் நான் சொன்னதில்லை. காரணம் வேறொன்றுமில்லை, எனக்கே அதைப் பற்றித் தெரியாது!

இந்தக் குறையைத் தீர்க்க எண்ணி, சென்ற வருஷம் ஒரு சனிக்கிழமை மாலை, வேலூரில் தொழில் நடத்தும் வக்கீல் நண்பர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தோம். பெயரைப் பிரஸ்தாபிக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. பஸ்ஸில் வந்து இறங்கி, மேஜை நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைகளோடு பெஞ்சியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

"1906-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லுகிறேன். இரண்டுக்கும் நடுவே ஆறே நாள்தான்" என்று தொடங்கினார்.

முதலாவது, அம்மாதம் 16-ஆம் தேதி நடந்தது. ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் வக்கீலாயிருந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைச் சட்டப்படி ரிஜிஸ்தர் செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அதை 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்திருந்தார்கள். கப்பலோட்டிய தமிழர் என்று அவரை எல்லோரும் அறிவோம். ஆனால் கடலில் கப்பல் மிதப்பதற்கு முன்னால் காகிதத்தில் ஒரு கம்பெனி உருவாக வேண்டியிருந்தது என்பதை நாம் நினைப்பதில்லை. கப்பல் வாங்கும் சக்தி தனி மனிதர் எத்தனை பேருக்கு உண்டு? பலர் சேர்ந்து சிறு சிறு தொகை போட்டு, நஷ்டம் வந்தாலும் போட்ட பங்குக்கு மேல் வீடு வாசல் போகாது என்ற தைரியத்துடன் ஒரு பெரிய காரியம் செய்ய வழி காட்டுவதுதான் கம்பெனிச் சட்டம்.

இரண்டாவது சம்பவம் அதே மாதம் 22-ஆம் தேதி நடந்தது. சென்னையில் பேரும் புகழும் பெற்றிருந்த ஆர்பத்நட் கம்பெனி கதவைச் சாத்தியது. அதற்குப் பெயர்தான் கம்பெனி. உண்மையில் சில கூட்டாளிகள் சேர்ந்து நடத்திய வியாபாரம் அது. வெள்ளைக்காரர் நடத்துகிறார் என்ற ஒரே நம்பிக்கையில் பணம் போட்டிருந்த பென்ஷன்காரர்களும் விதவைகளும் தெருவில் நின்றார்கள். தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நட்டுக்கு மறு வருஷம் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணம் போட்டவர்களின் பக்கம் நின்று வாதாடியவர்களில் முக்கியமானவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் வழக்கோடு நிற்கவில்லை. நம்மவர் பணத்தை நம்மவரே காக்க வேண்டும் என்று சொல்லி, 1907-ல் இந்தியன் பாங்கு தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார்.

"ஒரு வக்கீல் கம்பெனியைக் கட்டினார், மற்றொரு வக்கீல் இடிபாட்டிலிருந்து ஒரு பாங்கை எழுப்பினார். வர்த்தகச் சட்டம் என்றால் இவ்வளவுதான், குழந்தைகளே" என்றார் நண்பர். சட்டம் ஒன்றே போதும் என்று அவர் சொல்லவில்லை. சிதம்பரம் பிள்ளை 1908-ல் சிறை சென்றார். அந்நியக் கம்பெனியின் போட்டியைத் தாங்க மாட்டாமல் சுதேசிக் கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

அப்பொழுது கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் தகப்பனார் ஆரணிப் பட்டு நெய்பவர். சொந்த முதல் போட்டு, இரண்டு தறி வைத்து, நெய்த சேலையை வியாபாரிக்கு விற்கிறவர்.

"ஸார், எங்க அப்பா கொடுத்த சேலைக்கு ஆறு மாசமாப் பணம் வரல்லை. அதுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டுங்களா?"

வகுப்பு முழுதும் நிசப்தமாகி விட்டது. கப்பலும் பாங்கும் எங்கோ போய், தறிச் சத்தம் கேட்கும் எங்கள் தெருவுக்கே பேச்சு வந்து சேர்ந்தது.

"அதற்கேதான் அம்மா, முக்கியமான சம்பந்தம்!" என்றார் வக்கீல். சிறு தொழில்களுக்கென்று 2006-ல் ஏற்பட்ட சட்டத்தின்படி, பதிவு செய்துகொண்ட சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், பேசிய தவணைக்குள் பணம் தரவேண்டும். எந்தத் தவணையும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. தவறினால், ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் பாங்கு வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாகச் சேரும். இதை விசாரிப்பதற்கென்றே தனிக் கவுன்ஸில் இருக்கிறது. வியாபாரத் தகராறுகளுக்காக 2015-ல் வர்த்தகக் கோர்ட்டுச் சட்டமும் வந்தது. ஆரம்பத்தில் ஒரு கோடி ரூபாய்க்குக் குறைந்த வழக்கு அதற்குள் வராது. 2018-ல் அந்த வரம்பை மூன்று லட்சமாகக் குறைத்தார்கள்.

"உங்க அப்பா தொழிலைப் பதிவு செய்திருக்கிறாரா? பில் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"துண்டுச் சீட்டுதாங்க இருக்குது" என்றாள் பெண். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பொய்யான ஆறுதல் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். "துண்டுச் சீட்டையும் எறிந்துவிட வேண்டாம். சட்டம் எவ்வளவு நல்லதாயிருந்தாலும், காகிதம் இல்லாதவனுக்கு அது பாதிதான் உதவும்" என்றார்.

அந்தப் பெண் விடவில்லை. "வக்கீலுக்குப் படிச்சா எங்களை யாருங்க சேர்த்துக்குவாங்க? எங்களுக்கு யாரையும் தெரியாதே?" என்றாள். எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் மனத்திலுள்ள கேள்வி அது.

அதற்குப் பதிலாக அவர் திருவாரூரில் நடந்த ஒன்றைச் சொன்னார். மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் கிராமக் கணக்குக்கு உதவியாயிருந்த ஒரு பையனின் சூட்டிகையைத் தாசில்தார் முத்துசாமி நாயக்கர் கவனித்தார். சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். அந்தப் பையன்தான் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான ஸர் டி. முத்துசாமி ஐயர். "தாசில்தாரிடம் அவர் சிபாரிசு கேட்டுப் போகவில்லை, தம் வேலையைச் சரியாகச் செய்தார், பார்த்தவர் மனத்தில் நின்றார். அறிமுகம் என்பது அதுதான். இன்று நீ கேட்ட கேள்வியை நான் மறக்கப் போவதில்லை" என்றார்.

பெற்றோர்கள் அறிய வேண்டிய சில விவரங்களையும் இங்கே சொல்லி விடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்து வருஷம், அல்லது ஒரு பட்டம் பெற்ற பின் மூன்று வருஷம் சட்டம் படிக்கலாம். திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர அகில இந்தியப் பொதுப் பரீட்சை எழுத வேண்டும். வேலூரிலேயே அரசாங்கச் சட்டக் கல்லூரி இருக்கிறது. ஐந்து வருஷப் படிப்பில் மொத்தம் 20 வாரமும், மூன்று வருஷப் படிப்பில் 12 வாரமும் வக்கீல்களிடமோ கம்பெனிகளிலோ இருந்து தொழில் பழகுவது கட்டாயம். படித்து முடித்தபின் கறுப்புக் கவுன் அணிந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. பாங்குகளும் கம்பெனிகளும் ஒப்பந்தம் எழுதவும் வரி விவகாரம் கவனிக்கவும் சட்டம் கற்றவர்களை வைத்துக் கொள்கின்றன. இவற்றுக்கெல்லாம் முன்னால், காலணாச் செலவில்லாத பாடம் ஒன்று உண்டு. கோர்ட்டு பொதுவாக எல்லோருக்கும் திறந்த இடம். ஒரு நாள் பிள்ளையை அழைத்துப் போய்ப் பின் வரிசையில் உட்கார வையுங்கள். கேட்டு வந்ததை ராத்திரி சாப்பாட்டின்போது சொல்லச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டுச் சேலைப் பணம் இன்னும் முழுதும் வந்து சேரவில்லை. ஆனால் தகப்பனார் தம் தொழிலைப் பதிவு செய்து விட்டார். ஒவ்வொரு சேலைக்கும் தேதி, விலை, தவணை எல்லாம் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்துப் பெற்றுக் கொள்கிறார். பில் எழுதுவது மகள். சட்டக் கல்லூரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வதற்கு அவள் என்னிடம் வந்தபோது, "அப்பாவுக்குச் சம்மதந்தானா?" என்று கேட்டேன்.

"முதல்லே வேண்டாம்னாருங்க, ஸார். இப்போ வியாபாரி கையெழுத்துப் போட யோசிச்சா, 'என் மக வக்கீலுக்குப் படிக்கப் போறா'ன்னு சொல்றாரு" என்றாள்.