ஓடாத தண்ணீரில் ஒரு படகு

"தண்ணி எந்தப் பக்கம்டா போவுது?"

படகில் ஏறி உட்கார்ந்ததும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் திருவையாற்றுக்காரர். எந்த ஆற்றைப் பார்த்தாலும் முதலில் ஓட்டத்தைத்தான் பார்ப்பார். தில்லி யமுனா பஜார் படித்துறை, டிசம்பர் மாதம், மாலை நாலரை மணி. "தெற்கே" என்றேன், வரைபடத்தில் பார்த்த தைரியத்தில். அவர் நம்பவில்லை. படகுக்குப் பக்கத்தில் யாரோ வீசிய சாமந்தி மாலை ஒன்று மிதந்துகொண்டிருந்தது. அதைக் கண்ணால் காட்டினார். நாங்கள் பேரம் பேசி, ஏறி, மிதவைச் சட்டையின் வாரைப் பூட்டி முடிக்கும் வரையில் அது ஒரு சாண்கூட நகர்ந்திருக்கவில்லை.

ஊரிலிருந்து வருகிறவர்களை நான் இங்கே கூட்டி வருவது வழக்கம். காஷ்மீரி கேட் மெட்ரோவில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். வந்து நின்றதும் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். பக்கத்திலேயே நிகம்போத் மயானத்தின் புகை வேறு. பத்து நிமிடம் பொறுத்துக்கொண்டால் போதும், பறவைகள் வந்துவிடும், மூக்கு மறந்துபோகும்.

படகைப் பற்றிப் பெரிய கற்பனை வேண்டாம். பதினைந்து அடி நீளம் இருக்கும், நாலடி அகலம். பலகை அடித்து, இடுக்கை அடைத்து, மேலே நீலப் பெயின்ட் பூசிய துடுப்புப் படகு. இந்தியில் 'நாவ்'. நம்முடைய 'நாவாய்' ஞாபகம் வரும். ஆனால் நாவாய் கடலில் போனது, இது முழங்கால் ஆழத்திலும் போக வேண்டியது. குளிர்காலத்தில் யமுனையில் எங்கே வண்டல் மேடிட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. அடிப்பகுதி கூராக இருந்தால் தட்டி நின்றுவிடும். அதனால்தான் தட்டையான அடி.

தட்டை அடியில் இன்னொரு லாபமும் உண்டு. படகு தண்ணீரில் படியும் பரப்பு 4 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 60 கிலோ வீதம் ஆறு பேர் ஏறினால் 360 கிலோ. மிதக்க வேண்டுமானால் படகு கூடுதலாக 360 கிலோ தண்ணீரை, அதாவது 360 லிட்டரை, விலக்கியாக வேண்டும். அந்த 360 லிட்டரை 4 சதுர மீட்டரில் பரப்பினால் உயரம் 9 சென்டிமீட்டர்தான். ஆறு பேர் ஏறினாலும் படகு அமிழ்வது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். அடுத்த முறை ஏறும்போது விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். எங்கள் படகில் அது இரண்டு சாண் இருந்தது. ஒரு சாண்தான் என்றால் நான் அடுத்த படகுக்குப் போயிருப்பேன்.

படகோட்டி எங்களைப் பார்த்து, போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பரிசல்காரன் போகிற பக்கம் பார்த்துத்தானே துழாவுவான்? இங்கே வேலை வேறு. முன்னே பார்த்து உட்கார்ந்தால் துடுப்பைத் தள்ள வேண்டும், அதற்குக் கையும் மார்பும் மட்டும்தான் உதவும். முதுகு காட்டி உட்கார்ந்தால் குறுக்குச் சட்டத்தில் காலை உதைத்து, முதுகைச் சாய்த்து, உடம்பு முழுவதையும் போட்டு இழுக்கலாம். நாள் முழுக்க வலிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. போகிற வழியை அவ்வப்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

துடுப்புக்கு இங்கே 'சப்பூ' என்று பெயர். நீளக் கழி, நுனியில் ஒரு பலகைத் துண்டு. படகின் விளிம்பில் நட்ட முளையில் கயிற்று வளையம் போட்டு அதற்குள் கழியைச் செருகியிருப்பார்கள். வளையம் காய்ந்தால் கிறீச்சிடும், கயிறும் தேயும். எங்கள் படகோட்டி ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கை தண்ணீர் அள்ளி வளையத்தின் மேல் விட்டார். அவ்வளவுதான் மசகு.

முளையிலிருந்து கைப்பிடி வரை ஒரு பங்கு, முளையிலிருந்து பலகை வரை இரண்டு பங்கு என்று கழியைப் பிரித்துக்கொள்வோம். கை ஓரடி இழுத்தால் பலகை இரண்டடி போகும். ஆனால் கையில் 20 கிலோ விசை கொடுத்தால் பலகையில் 10 கிலோதான் கிடைக்கும். ஏற்றத்திலும் கடப்பாரையிலும் நாம் விசையைப் பெருக்கிப் பழகியவர்கள். துடுப்பு நேர் எதிர், விசையை விட்டு வேகத்தை வாங்குகிறது. கரையிலிருந்து பார்த்தால் கணக்கு இன்னொரு மாதிரி தெரியும். தண்ணீர் லேசில் விலகாது, அகலமான பலகையை ஏறக்குறைய ஊன்றிய இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. நகர்வது படகுதான். சேற்றில் கழியை ஊன்றித் தெப்பத்தைத் தள்ளுகிற மாதிரி, படகோட்டி தண்ணீரில் பலகையை ஊன்றிப் படகை அதைத் தாண்டி இழுத்துப் போகிறார்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பலகை வெளியே வந்ததும் அந்த இடத்தில் ஒரு சின்னச் சுழி நிற்கும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அடுத்த வலிப்பில் இன்னொரு ஜோடி. பின்னால் திரும்பிப் பார்த்தால் மணலில் நடந்த கால்தடம் போல ஜோடி ஜோடியாகச் சுழிகள் கொஞ்ச நேரம் கிடக்கும். ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் உள்ள தூரம்தான் ஒரு வலிப்பில் படகு போன தூரம். காவிரியில் தண்ணீர் வந்திருக்கிற ஆடி மாதத்தில் இந்தத் தடத்தைத் தேடினால் ஆற்றோடு போயிருக்கும். இங்கே அப்படியே இருந்தது.

நடு ஆற்றுக்கு வந்ததும் படகோட்டி துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு "ஆவ் ஆவ் ஆவ்" என்று குரல் கொடுத்தார். கையில் ஓமப்பொடிப் பொட்டலம். பறவைகள் ஒரு நொடியில் மேலே கவிந்துவிட்டன. தில்லிக்காரர்கள் இவற்றை 'சைபீரியப் பறவை' என்பார்கள். எல்லாம் கடற்காகம்தான். கருந்தலைக் கடற்காகம், பழுப்புத்தலைக் கடற்காகம் என இரண்டு வகை சேர்ந்து வருகின்றன. பெயரை நம்பித் தலையைப் பார்த்தால் ஏமாற்றம்தான், ஏனென்றால் குளிர்காலத்தில் இரண்டுக்குமே தலை வெள்ளை. காதருகே ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் மிஞ்சியிருக்கும். கண்ணைப் பாருங்கள். பழுப்புத்தலைக்குக் கண் வெளிறியிருக்கும், சிறகின் கறுப்பு நுனியில் வெள்ளைத் திட்டு இருக்கும். கருந்தலைக்குக் கண் கருமை. பழுப்புத்தலை முட்டையிடுவது திபெத், லடாக், பாமீர் போன்ற உயரமான மேட்டு நிலங்களின் ஏரிக்கரைகளில். குளிருக்குக் கீழே இறங்குபவற்றில் சில இங்கே தங்க, சில நம் கோடியக்கரை, தனுஷ்கோடி வரை வந்துவிடும். சித்தப்பா கோடியக்கரையில் பார்த்த பறவைதான், அங்கே யாரும் ஓமப்பொடி போட்டிருக்க மாட்டார்கள். பறவைகளுக்கு அந்த எண்ணெயும் உப்பும் நல்லதல்ல. ஆனாலும் பொட்டலம் விற்பது படித்துறையில் பலருக்கு மாலை வருமானம். நான் வாங்குவதில்லை, அடுத்த படகுக்காரர்கள் வீசுவதைப் பார்த்துக்கொள்கிறேன். அது ஒன்றும் பெரிய ஒழுக்கமில்லை.

பறவை தாழ்ந்து வரும்போது எல்லோரும் செல்போனோடு எழுந்து ஒரே பக்கம் சாய்வார்கள். படகோட்டியின் "பைட் ஜாயியே!" (உட்காருங்கள்!) என்ற அதட்டல் அதற்குத்தான். தட்டையடிப் படகு ஓரளவு சாய்ந்தால் தானே நிமிரும். சாய்ந்த பக்கம் அதிகம் அமிழ்வதால் தண்ணீரும் அந்தப் பக்கத்தைத்தான் அதிகமாக மேலே தள்ளும். ஆனால் ஆள் எழுந்து நின்றால் எடை மேலே போகிறது, நிமிரும் பலம் குறைகிறது. விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டால் அப்புறம் நிமிர்வதற்கு ஒன்றுமில்லை.

இனி சித்தப்பாவின் கேள்வி.

தில்லிக்குள் யமுனை, வஜீராபாதிலிருந்து ஓக்லா வரை, சுமார் 22 கிலோமீட்டர். 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றில் இது ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இந்தச் சின்னத் துண்டுக்கு மூன்று கதவணைகள்: மேலே வஜீராபாத், நடுவில் ஐ.டி.ஓ., கீழே ஓக்லா. "மாயனூர் மாதிரியா?" என்றார் சித்தப்பா. அதே மாதிரிதான். அணை போல உயரமாக நின்று மலையிடுக்கை அடைப்பதில்லை, வரிசையாக இரும்புக் கதவுகளை இறக்கி ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கும். நாங்கள் மிதந்தது முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில். மேலே அடைத்திருக்கிறது, கீழே தடுத்திருக்கிறது. சாமந்தி மாலை எங்கே போகும்?

வஜீராபாதுக்கு மேலேயே தண்ணீர் குறைவுதான். இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே, ஹரியானாவில் ஹத்னிகுண்ட் கதவணை இருக்கிறது. கோடையிலும் குளிரிலும் ஆற்றின் பெரும்பகுதி அங்கேயே மேற்கு யமுனைக் கால்வாயிலும் கிழக்கு யமுனைக் கால்வாயிலும் திரும்பிவிடும். மேற்குக் கால்வாயின் முன்னோர் 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் வெட்டியது. தூர்ந்துபோனதை ஷாஜகான் காலத்தில் அலி மர்தான் கான் சீர்செய்தார். அந்தத் தண்ணீர்தான் செங்கோட்டைக்குள் ஓடியது, சாந்தினி சௌக்கின் நடுவே வாய்க்காலாகவும் போனது. ஷாஜகானின் மகள் ஜகானாரா அமைத்த அந்தக் கடைவீதியில் வாய்க்காலுக்கு இன்று மிஞ்சியிருப்பது 'சாந்தினி' என்ற நிலவொளிப் பெயர் மட்டும்.

தில்லிக் குழாய்களுக்கும் யமுனைத் தண்ணீரில் கணிசமான பங்கு கால்வாய் வழியாகத்தான் வருகிறது. ஆக, ஆறு கால்வாயில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறது. வீட்டிலிருந்து வெளியேறுவது நஜஃப்கர் வடிகால் வழியாக, வஜீராபாத் கதவணையைத் தாண்டியதும் ஆற்றில் வந்து விழுகிறது. அந்த வடிகாலும் ஒரு காலத்தில் சாஹிபி என்ற ஆறு. சித்தப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப இது ஆறு இல்லடா, வாய்க்கா" என்றார். டெல்டாக்காரர் தீர்ப்பு. எனக்கும் சரியென்றே படுகிறது.

நாற்றத்துக்கும் இதுதான் காரணம். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. குளிக்கத் தகுந்த ஆற்றில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் இருக்க வேண்டும். நஜஃப்கர் வடிகால் கலந்த பிறகு அளக்கும்போது பல மாதங்களில் ஒன்றுமே இருப்பதில்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடரும். அவை சல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது அடிச்சேற்றின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு நிறம். படகு நிற்கும்போது பக்கத்தில் குமிழி வந்து உடைவதைப் பார்க்கலாம், மீன் என்று நினைக்க வேண்டாம். பத்திரிகைகளில் வரும் வெள்ளை நுரை மட்டும் இங்கே இல்லை. சோப்புத் தண்ணீர் சும்மா கிடந்தால் நுரைக்காது, யாராவது அடிக்க வேண்டும். அது ஓக்லா கதவணையில், தண்ணீர் மேலிருந்து விழும் இடத்தில் நடக்கிறது.

ஓக்லாவுக்கு இன்னொரு கதையும் உண்டு. அங்கிருந்து பிரியும் ஆக்ரா கால்வாய் 1874-இல் திறக்கப்பட்டபோது பாசனத்துக்கு மட்டுமல்ல, படகுக்கும் சேர்த்துத்தான். நம் பக்கிங்காம் கால்வாய் அந்தப் பெயரைப் பெற்றதற்கு நாலு வருடம் முன்பு. தில்லியிலிருந்து மதுரா, ஆக்ரா பக்கம் படகுகள் போய்வந்தன. 1904-இல் படகை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் ரயில் வந்து பல வருடம் ஆகியிருந்தது. ரயில் போகும் பழைய இரும்புப் பாலம் 1866-இல் கட்டியது. எங்கள் படகிலிருந்து தெற்கே தெரிந்தது, மேலே ரயில், கீழே வண்டிகள். யமுனையின் வெள்ள மட்டத்தை அளப்பதும் அங்கேதான். அபாயக் குறி 205.33 மீட்டர். 2023 ஜூலை 13 அன்று 208.66 மீட்டரைத் தொட்டது. நாங்கள் ஏறிய படித்துறையும் அதன் வீடுகளும் அப்போது தண்ணீருக்குள் இருந்தன. ஐ.டி.ஓ. கதவணையின் சில கதவுகள் வண்டலில் இறுகித் திறக்க முடியாமல் போனது பெரிய சர்ச்சை. மழைக்கால நாலு நாளில் இந்த வாய்க்கால் தான் ஆறென்று காட்டிவிடும்.

2025 மார்ச்சில் மத்திய, தில்லி அரசு அமைப்புகள் சேர்ந்து சுற்றுலாப் படகுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டன. மின்சாரப் படகுகள், சோனியா விஹாரிலிருந்து ஜகத்பூர் வரை. இடத்தைக் கவனியுங்கள், வஜீராபாத் கதவணைக்கு மேலே. நஜஃப்கர் வடிகால் கலப்பதற்கு முந்தைய தண்ணீர். யாரோ மூக்கை வைத்து இடம் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

சூரியன் ஐந்தரைக்கே இறங்கிவிட்டது. பறவைகளும் கலைந்தன. படகோட்டி வலது துடுப்பை மட்டும் இழுத்து, இடது துடுப்பைத் தண்ணீரில் அழுத்திப் பிடித்துப் படகைத் திருப்பினார். படித்துறையில் அகல் விற்கும் பெண்கள் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா இறங்குவதற்கு முன் எட்டிப் பார்த்தார். சாமந்தி மாலை அங்கேயேதான் இருந்தது. எந்தப் படகின் அலை தள்ளியதோ, இரண்டு முழம் நகர்ந்திருந்தது.

"தெற்கேன்ன. வடக்கால போயிருக்கு பாரு" என்றார்.