டவர் சொன்னது காதில் விழுந்ததா?

பெரியதாழையிலிருந்து ஆழ்கடல் போகிற படகுகளில் வயர்லெஸ் பிடிப்பவர்களுக்கு ஒன்று அத்துப்படி. பொத்தானை அமுக்கிப் பேசும்போது எதிராளி குரல் கேட்காது; பேசி முடித்து விட்டால்தான் அவர் முறை. வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பும் ஏடிஆர் விமானத்துக்கும் அங்குள்ள தூத்துக்குடி கட்டுப்பாட்டு டவருக்கும் நடக்கிற பேச்சும் இதே கதைதான். அலைவரிசை வேறு, கெடுபிடி அதிகம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்ய, உருண்டு வர, ஓடுபாதையில் ஏறி நிற்க, கிளம்ப என்று ஒவ்வொன்றுக்கும் டவரின் அனுமதி வேண்டும். இண்டிகோ விமானத்தை டவர் 'இண்டிகோ' என்று கூப்பிடாது. வானொலியில் அதன் பெயர் 'ஐஃப்ளை'. ஓடுபாதை எண், ஏற வேண்டிய உயரம், ரேடாருக்கான நான்கு இலக்க எண் எல்லாவற்றையும் பைலட் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிசகினால் டவர் அங்கேயே திருத்தும். ஒன்பதுக்கு 'நைன்' கிடையாது, 'நைனர்'தான். இரைச்சலில் 'ஃபைவ்' என்று கேட்டுத் தொலைத்தால்?

இந்தக் கெடுபிடியில் ஒரு பகுதி, 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் நடந்த கோரத்துக்குப் பிறகு வந்தது. மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். கேஎல்எம் விமானம் அனுமதி வராமலே ஓடத் தொடங்கிவிட்டது. அதைப் பொறுக்கச் சொல்லி டவரும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகப் பான் ஆம் விமானமும் ஒரே நொடியில் பேச, கேஎல்எம் காக்பிட்டில் கேட்டது வெறும் கீச்சொலி. 583 பேர் மாண்டார்கள். கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர 'டேக் ஆஃப்' என்று யாரும் வாயெடுக்கக் கூடாது என்று அதன்பிறகு விதியானது.

இந்த விதிகளெல்லாம் உத்தரவைக் காப்பாற்றும். தகவலை? திருச்சியைப் பாருங்கள். 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டிய நேரம். துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, ஓடுபாதையைத் தாண்டி நின்ற ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் மோதிக்கொண்டே மேலேறியது. உள்ளே 136 பேர். சுவரில் இடித்திருக்கலாம் என்று டவர் சொன்னது. எல்லாம் சரியாக இயங்குவதாகப் பதில் வந்தது. விமானம் அரபிக்கடல் மேல் போய்க்கொண்டே இருந்தது. மணிக்கணக்கில் பறந்தபின் மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டு, பத்திரமாக இறங்கியது. அடிவயிறு கிழிந்திருந்தது.

பைலட் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் முன்னிருந்த திரைகள் காட்டியதைச் சொன்னார். வயிற்றுத் தகடு கிழிந்தால் எரியும் சிவப்பு விளக்கு காக்பிட்டில் ஏது? ஓடுபாதையில் ஓடும்போதே கேப்டனின் இருக்கை பின்னால் சாய்ந்து, அந்தத் தடுமாற்றத்தில் இன்ஜின் விசை குறைந்துபோனதைக்கூட பைலட்டுகள் இருவரும் கவனிக்கவில்லை என்பது பின்னால் விசாரணையில் வெளிவந்தது. திரும்புவதா வேண்டாமா என்பது கேப்டன் எடுக்கிற முடிவு. அந்த உரிமையில் டவர் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தவர் சொல்கிறார் என்றால், உள்ளே இருக்கிற மீட்டரைவிட அதற்கு மதிப்புக் கொடுத்திருக்க வேண்டும். திருச்சியிலேயே மறுபடி இறங்கி, அடியில் ஒரு டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.