சிலந்தி பூச்சியன்று

சென்ற ஆண்டு மக்தபில் சிறுவர்களுக்குக் குர்ஆன் அத்தியாயங்களின் பெயர்களை அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். நஹ்ல் என்றால் தேனீ, நம்ல் என்றால் எறும்பு, அன்கபூத் என்றால் சிலந்தி. மூன்று பூச்சிகளின் பெயரால் மூன்று அத்தியாயங்கள் என்று சொல்லி வைத்தேன். சில நாள் கழித்து ஆறாம் வகுப்பில் படிக்கும் மாணவன் ஒருவன் தன் பள்ளித் தேர்வுத்தாளை என்முன் நீட்டினான். பூச்சியினத்திற்கு எடுத்துக்காட்டுக் கேட்ட வினாவிற்குச் சிலந்தி என்று எழுதி மதிப்பெண்ணை இழந்திருந்தான். "ஹஜ்ரத், நீங்கதானே சொன்னீங்க?" என்றான்.

கலைப் பட்டதாரியான எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. நூலகத்திற்குச் சென்று விலங்கியல் நூல்களைப் புரட்டினேன். பிழை என்னுடையதே.

எனினும் ஒரு சிறு ஆறுதல் கிடைத்தது. உயிரினங்களுக்கு முறையாகப் பெயரிட்டு வகைப்படுத்திய சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1758இல் வெளியிட்ட பதிப்பில் சிலந்தியை மட்டுமன்றித் தேளையும் நண்டையும்கூடச் சிறகற்ற பூச்சிகள் என்றே சேர்த்திருந்தார். பிரெஞ்சு அறிஞர் லமார்க் 1801இல்தான் சிலந்தி இனத்தைப் பூச்சிகளிலிருந்து பிரித்துத் தனி வகுப்பாக வைத்தார். 'அராக்னிடா' என்பது அதன் பெயர். நம் தமிழோ எட்டுக்கால் என்று சரியாக எண்ணிவிட்டு, அடுத்த சொல்லிலேயே பூச்சி என்று சறுக்கிவிடுகிறது!

இரண்டும் கணுக்காலிகள் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் எறும்பை உற்றுநோக்குங்கள். தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். மார்பிலிருந்து ஆறு கால்கள். தலையில் ஓரிணை உணர்கொம்புகள். பூச்சிகள் பலவற்றுக்குச் சிறகுகளும் உண்டு. சிலந்திக்குத் தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்திருப்பதால் உடலில் இரண்டே பகுதிகள். கால்கள் எட்டு. உணர்கொம்பும் இல்லை, சிறகும் இல்லை. தேனீக்கும் ஈக்கும் இருப்பது போன்ற கூட்டுக்கண்கள் இல்லை. தனித்தனிக் கண்கள், பெரும்பாலும் எட்டு. வண்ணத்துப்பூச்சி புழுவாகிக் கூட்டுப்புழுவாகி உருமாறுவதைப் போலச் சிலந்தி உருமாறுவதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும்போதே அது சிலந்தி வடிவில்தான் இருக்கிறது. பின் தோலுரித்து வளர்கிறது.

நூல் நூற்பதிலும் வேறுபாடு உண்டு. பட்டுப்புழு வாயிலிருந்து நூலை விடுகிறது. சிலந்தி வயிற்றின் கடைக்கோடியிலிருந்து விடுகிறது. இன்னொரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. சிலந்தி தன் கால்களை நீட்டுவதற்கு உடலுக்குள்ளிருக்கும் நீர்மத்தின் அழுத்தத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. உயிர் போனதும் அவ்வழுத்தம் நீங்க, கால்கள் உள்நோக்கிச் சுருண்டுவிடுகின்றன. வீட்டு மூலையில் செத்துக் கிடக்கும் சிலந்தியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இவையெல்லாம் தேர்வுக்குத்தான் பயன்படும் என்று எண்ணியிருந்த எனக்கு, வத்திராயிருப்பில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் மச்சான் வேறொரு பாடம் சொன்னார். 1998இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே தமிழகத் தோப்புகளிலும் பரவிய 'ஈரியோபைட் சிலந்தி'யை நம் மாவட்டத்து மலையடிவார விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். இளங்காயின் தலைப்பக்கம் தொப்பி போல மூடியிருக்கும் இதழ்களுக்கடியில் புகுந்து சாற்றை உறிஞ்சும். காய் பழுப்பேறி, வெடித்து, சிறுத்துப்போகும். கால் மில்லிமீட்டர் அளவே உள்ள அதனைக் கண்ணால் காண்பதரிது. பெயர்தான் சிலந்தி, உண்மையில் உண்ணி இனம். அராக்னிடா வகுப்பைச் சேர்ந்ததாயினும் அதற்கு நான்கே கால்கள்! மச்சான் முதலில் வண்டுக்கு வாங்கி வைத்திருந்த மருந்தையே அடித்துப் பார்த்தாராம். பணமும் போயிற்று, காயும் போயிற்று. பிறகுதான் வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு மாறினார்.

கரிசல் காட்டுப் பருத்தியிலும் இதே கதைதான். செஞ்சிலந்தியும் உண்ணி இனமே. பூச்சிக்கொல்லிகள் சிலவற்றை மிகுதியாகத் தெளித்த வயலில் அது குறையாமல் பெருகுவதுமுண்டு. அதைத் தின்னும் சிற்றுயிர்கள் மருந்தில் மடிந்துவிடுவது ஒரு முக்கியக் காரணம். வலை பின்னும் உண்மையான சிலந்தியோ பூச்சிகளைப் பிடித்துண்டு பயிருக்கு நன்மை செய்வது. பெயர்க் குழப்பத்தால் அதன்மீதும் சிலர் மருந்தை வீசுகிறார்கள். இது நன்றி கெட்ட செயல் என்பேன்.

நம் வீட்டுப் பெண்கள் ஒட்டடை அடிக்கும்போதும் சிலந்தியைக் கொல்லாமல் விட்டுவிடுவர். ஹிஜ்ரத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கிய ஸவ்ர் குகையின் வாயிலில் சிலந்தி வலை பின்னியதாகக் கூறப்படும் செய்தியே அதற்குக் காரணம். அச்செய்தியின் அறிவிப்புத் தொடர் குறித்து ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுண்டு. ஆனால் 29ஆம் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தில் ஐயமில்லை. அல்லாஹ்வையன்றிப் பிறரைப் பாதுகாவலராக்கிக் கொள்வோருக்குச் சிலந்தியின் வீடு அங்கே உவமையாகிறது. திருமறை அதனைப் பூச்சி என்று எங்கும் சொல்லவில்லை. சொன்னவன் நான்.

மறுநாள் மக்தபில் அனைவர் முன்னிலையிலும் அதைத் திருத்திச் சொன்னேன். அந்த மாணவன் உடனே எழுந்து, கிதாப் அலமாரியின் மேல்மூலையில் இருந்த சிலந்தியின் கால்களை எண்ணத் தொடங்கிவிட்டான். "பத்து இருக்கு ஹஜ்ரத்!" என்றான். நல்லவேளை, இம்முறை நான் படித்திருந்தேன். வாயருகே சிறு கால்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் முன்னிணை, இரையைத் தடவியறியும் உறுப்பு; அதைக் கழித்து எண்ணச் சொன்னேன்.