மரப்பலகையில் இரவு எப்படி இறங்குகிறது?

ஜப்பானிய அச்சோவியர் கவாசே ஹாசுய் 1930இல் படைத்த ‘மாகோமேயில் நிலவு’ அச்சுப்படத்தைப் பாருங்கள். உயர்ந்த பைன் மரங்களுக்குப் பின்னால் முழு நிலவு. கீழே ஒரு வீட்டுச் சன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். செதுக்கிய பலகைகளிலிருந்து இத்தனை ஆழமான இரவு எப்படி வந்தது?

ஜப்பானிய அச்சுகளில் இதற்கு வழி திறந்தது ஒரு நீலம். பெர்லினில் பிறந்த பிரஷ்யன் நீலம் 1830 வாக்கில் ஜப்பானில் பரவியது. அதற்கு முன்பிருந்த பூச்சாற்று நீலம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறிவிடும். புதிய சாயத்திலோ இரு வகை மின்னூட்டம் கொண்ட இரும்பு இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலக்ட்ரான் தாவும்போது சிவப்பு, ஆரஞ்சு ஒளி உறிஞ்சப்படுகிறது, மிஞ்சுவது அடர்நீலம். அக்கால அச்சோவியர் ஹிரோஷிகே அதை அள்ளிப் பயன்படுத்தினார்.

ஆனால் நீலம் மட்டும் இரவாகிவிடாது. அது மெல்ல மங்க வேண்டும். அந்த வித்தைக்குப் பெயர் பொகாஷி. அச்சிடுபவர் பலகையை ஈரத்துணியால் துடைக்கிறார். தூரிகையின் ஒரு ஓரத்தில் மட்டும் சாயம் தொட்டு இழுக்கிறார். ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் வெறும் ஈரம். அதன்மேல் ஈரப்படுத்திய மல்பெரி நார்த்தாளை வைத்து, மூங்கில் உறை போர்த்திய ‘பாரென்’ என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்துகிறார். சாயம் படலமாக மேலே நிற்காமல் நார்களுக்குள் இறங்குகிறது. வானம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றுவது இதனால்தான்.

இந்த மங்கல் செதுக்கலில் இல்லை, கையில் இருக்கிறது. ஆகவே ஒரே பலகையில் எடுத்த இரண்டு பிரதிகளின் வானம் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது.