பழுதைப் பார்த்து வாங்குதல்

பழைய சங்கிலி ரம்பம் ஒன்றை வாங்கிப் பிரித்துப் பார்த்து யந்திர வித்தை பழக விரும்புகிறவர், கடைக்காரர் ஒரே இழுப்பில் உறுமவைத்துக் காட்டும் யந்திரத்தைக் கண்டு மயங்கிவிடலாகாது. சாக்குப் பையில் உதிரிகளாக வந்து சேருவதையும் தொடலாகாது. முன்னதில் கற்பதற்கு ஒன்றுமில்லை. பின்னதில் எது குறைகிறது என்பதே விளங்காது. அங்கங்கள் யாவும் முழுதாக இருக்க, ஓடாமல் நின்றுபோய், நின்றதற்கான சாட்சியத்தைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும் யந்திரமே மாணாக்கனுக்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சாட்சியம் பெரும்பாலும் சைலன்சருக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு மூன்று போல்ட்டுகளைக் கழற்றி அதை எடுத்துவிட்டு, புகை வெளியேறும் துவாரத்தில் டார்ச் அடித்து, ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை நகர்த்திப் பார்த்தால், நல்ல பிஸ்டனின் பக்கத்தில் கடைசல் உளி விட்டுச் சென்ற நுண்ணிய குறுக்குக் கோடுகள் இன்னும் தெரியும். அவை அழிந்து, மேலிருந்து கீழாகக் கீறல்கள் விழுந்திருந்தால், எண்ணெய்ப் பசையின்றி வெந்த எஞ்சின் அது. இந்த டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு, 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு என்ற விகிதத்தில் கலந்து ஊற்றும் எண்ணெயைத் தவிர வேறு உயவு கிடையாது. பக்கத்திலிருக்கும் எண்ணெய்த் தொட்டி சங்கிலிக்கு மட்டுமே உரியது. அதை அறியாமல் வெறும் பெட்ரோலில் ஓட்டப்பட்டுக் காயலான் கடை சேர்ந்த ரம்பங்கள் அநேகம். ஆயினும் கிராங்க் சீல் தேய்ந்தோ, கார்புரேட்டரைச் சிலிண்டரோடு இணைக்கும் ரப்பர் வெடித்தோ, காற்று திருட்டுத்தனமாக உட்புகுந்து கலவை மெலிந்தாலும் இதே கீறல்தான் விழும். காரணம் இன்னதென்று தெளியாமல் புதுப் பிஸ்டன் மாட்டுகிறவர், அதையும் எரித்துவிட்டு மூன்றாவதற்குக் கடைக்குப் போவார்.

கயிற்றின் கைப்பிடியைப் பற்றி ரம்பத்தைத் தொங்கவிடுவது இன்னொரு பரீட்சை. தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. சரசரவென்று இறங்கினால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இவ்விரண்டிலும் தேறியும் ஓடாத யந்திரம் கிடைத்தால் அது பாக்கியம். ஏனெனில் குற்றம் அநேகமாகக் கார்புரேட்டரில்தான் இருக்கும். மோட்டார் சைக்கிளில் உள்ளதுபோன்ற மிதவை, எப்படியும் சாய்த்துப் பிடிக்கப்படும் இக்கருவியில் உதவாது ஆகையால், கிராங்க் அறையின் அழுத்தத் துடிப்பால் அசையும் மெல்லிய டயாப்ரமே பெட்ரோலை இழுத்துத் தருகிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைத் தொட்டியிலேயே விட்டு மாதக்கணக்கில் மூலையில் போட்டுவிட்டால், டயாப்ரம் வெயிலில் காய்ந்த அப்பளமாக விறைத்துப்போகிறது. சொற்ப விலையுள்ள கிட் ஒன்று போதும். அதை மாற்றுகிறவர் எஞ்சினின் சுவாசத்தையே கற்றுக்கொள்கிறார்.

எந்த மாடல் என்று கேட்பவருக்கு, ஸ்டில் எம்.எஸ். 260 அல்லது ஹஸ்க்வர்னா 365 போல, நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் சிலிண்டர் தனியே கையோடு வந்துவிடும் அமைப்பையே சொல்வேன், எம்.எஸ். 170 போன்ற சிறியவற்றில் சிலிண்டரைக் கழற்றுவதற்கே எஞ்சின் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருப்பது ஆரம்ப நிலையில் சலிப்பூட்டும். எதுவானாலும், பிளக் துவாரத்தின் வழியே கயிற்றைத் திணித்துப் பிஸ்டனை நிறுத்திக்கொண்டு கிளட்சைக் கழற்றுகையில், அதன் மரை தலைகீழானது, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும் என்பதை மறவாதிருக்க வேண்டும். பலம் காட்டியவர்கள் பலர் கிராங்கையே பாழாக்கியிருக்கிறார்கள்.

சங்கிலியை ஒரு கணத்தில் நிறுத்தும் பிரேக் உடைந்திருந்தால், அதைச் சீர்செய்யும்வரை எஞ்சினைக் கிளப்பலாகாது. கடைக்காரர் இனாமாகத் தரும் மழுங்கிய சங்கிலியை மட்டும் மறுக்க வேண்டாம். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரவெட்டியான ஜோசப் காக்ஸ், கட்டையைக் குடையும் வண்டுப் புழுவின் தாடைகளைக் கூர்ந்து நோக்கி வகுத்த வளைந்த பல்லின் வமிசமே அது. பல்லின் அளவுக்கேற்ற வட்ட அரம் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பல்லையும் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, ஒரே கோணத்தில் ராவிப் பழகுவதற்கு இதைவிடத் தக்க சங்கிலி கிடைக்காது.