பெட்டியில் உள்ள வெளிச்சமா, சுவரில் விழும் வெளிச்சமா?
வீட்டுக்குப் புரொஜெக்டர் வாங்குவோர் கவனத்திற்கு

பெருநாள் விடுமுறை, கிரிக்கெட் போட்டி என்று வந்துவிட்டால் வீட்டுச் சுவரில் பெரிதாகப் படம் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதற்கேற்ப சிறிய புரொஜெக்டர்கள் "மலிவு விலை" என்று விளம்பரமாகின்றன. யாருக்கு மலிவு என்பதே கேள்வி. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 27,000 ரூபாவுக்கு ஒரு பெட்டி வாங்கினால், அது 20 நாள் மலையேறி உழைத்த காசு. எனவே காசைக் கொடுக்குமுன் சில விடயங்களை அறிந்துகொள்வது நல்லது.

முதலாவது வெளிச்சம். இதனை லூமன் என்ற அளவால் சொல்வார்கள். மலிவுப் பெட்டிகளில் 6,000 லூமன், 9,000 லூமன் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது பெரும்பாலும் உள்ளேயிருக்கும் எல்.ஈ.டி. விளக்கின் கணக்கு, சில பெட்டிகளில் எந்தக் கணக்குமே இல்லாத எண். நமக்கு வேண்டியது சுவரில் விழும் வெளிச்சம். திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளந்து, சராசரி எடுத்துக் கணக்கிடும் முறை அமெரிக்காவில் 1992இல் வகுக்கப்பட்டது. இதுவே ஆன்சி லூமன். ஐ.எஸ்.ஓ. 21118 என்ற சர்வதேச முறையும் உண்டு. இவற்றில் ஒன்றின் பெயர் இல்லாமல் வெறுமனே "லூமன்" என்றிருந்தால் அந்த எண்ணை நம்பி விலை பேச வேண்டாம். 9,000 என்று போட்ட பெட்டி ஆன்சி கணக்கில் 200ஐக் கூடத் தாண்டாமல் இருக்கலாம்.

அப்படியானால் 200 ஆன்சி லூமன் உதவாதா? உதவும். 60 அங்குலப் படத்தின் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர். விளக்கை அணைத்த அறையில் அந்த அளவுக்கு 200 போதும். அதே பெட்டியில் 120 அங்குலப் படம் விழுத்தினால் பரப்பு நான்கு மடங்காகும். வெளிச்சம் காற்பங்காகிப் படம் மங்கிவிடும். பகலில் ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் செய்தியும் நாடகமும் பார்ப்பதுதான் தேவையென்றால், அதே காசுக்கு ஒரு 32 அங்குலத் தொலைக்காட்சியே புத்திசாலித்தனம்.

இரண்டாவது படத்தின் தெளிவு. "1080 சப்போர்ட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அந்த அளவுப் படத்தை அது வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் பொருள்; அதே தெளிவில் காட்டும் என்பதல்ல. "நேட்டிவ் ரெசலூஷன்" எவ்வளவு என்று கேளுங்கள். 800க்கு 480 என்றால் கிரிக்கெட் ஸ்கோரின் சிறிய எழுத்துகளை வாசிப்பது சிரமம். 1280க்கு 720 பரவாயில்லை. 1920க்கு 1080 என்றால்தான் முழு எச்.டி.

மூன்றாவது அறையின் அளவு. 10க்கு 12 அடி லயக் காம்பராவை எடுத்துக்கொள்வோம். புரொஜெக்டரின் "த்ரோ" விகிதம் 1.4 என்றால், படத்தின் அகலத்தைப் போல 1.4 மடங்கு தூரத்தில் அதை வைக்க வேண்டும். 80 அங்குலப் படத்தின் அகலம் 5.8 அடி, ஆகவே தூரம் சுமார் 8 அடி. 100 அங்குலத்துக்கு 10 அடிக்கு மேல் வேண்டும். அலுமாரியும் கட்டிலும் உள்ள காம்பராவில் அது சரிவராது. வீட்டில் அளவெடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எமது மலைநாட்டுக்கென்றே சில விடயங்களும் உண்டு. ஈரக்காற்றில் லென்சில் பூஞ்சணம் பிடிக்கும். பாவித்து முடிந்ததும் சூடு ஆறவிட்டு, காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதியுடன் வையுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது உள்ளேயிருக்கும் சிறிய ஸ்பீக்கர் கேட்காது. வெளி ஸ்பீக்கர் இணைக்கும் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைவு. விசிறி வேகமாகச் சுழல வேண்டும். 1,500 மீற்றருக்கு மேல் பாவிக்க "ஹை அல்டிடியூட்" என்றொரு தெரிவு பல புரொஜெக்டர்களில் உள்ளது. அதை இயக்க வேண்டும். டிக்கோயா அந்த உயரத்துக்குக் கீழேயே இருப்பதால் இங்கு அந்தக் கவலையில்லை.

பாடசாலை, மத்ரஸா, தோட்ட மண்டபம் போன்ற இடங்களுக்கு, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த 2,500 ஆன்சி லூமன் புரொஜெக்டர் நல்ல தெரிவாக அமையலாம். ஆனால் அதிலுள்ள விளக்கு பெரும்பாலும் 3,000 முதல் 5,000 மணித்தியாலம்தான் உழைக்கும். எவ்வளவு ஓடியிருக்கிறது என்பதை மெனுவிலேயே பார்க்கலாம். புதிய விளக்கின் விலையைக் கேட்ட பின்னரே பேரம் பேசுங்கள்.

வாங்கும்போது கடையின் விளக்குகளை அணைக்கச் சொல்லி, நீங்கள் பார்க்கப் போகும் அளவிலேயே படத்தைப் போட்டுப் பாருங்கள். ஆன்சி லூமன், நேட்டிவ் ரெசலூஷன், உத்தரவாதக் காலம் ஆகிய மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காமல் திரும்பி வருவதே இலாபம். ஏமாற்றப்பட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

வியாபார சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியில் அச்சிட்டதை நாம் அச்சிடவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எண் பொய்யென்று தெரிந்துகொண்டே அதைக் காட்டி விற்பதற்கும், படிக்கல்லில் எடை குறைத்து நிறுப்பதற்கும் என்ன வித்தியாசம்? "இது இரவில், சிறிய படத்துக்கு மட்டும்தான் சரிவரும்" என்று உண்மையைச் சொல்லி விற்றால் ஒரு விற்பனை குறையலாம். ஆனால் அடுத்த முறை அரிசிக் குக்கரும் மின்விசிறியும் வாங்க அதே வாடிக்கையாளர் நம் கடைக்குத்தான் வருவார்.